பரதீசு: மதிலில் பிறந்த சொல்

பெரிய வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணிக்குப் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில் ஆராதனை தொடங்கும். நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர்க் கோயில்களிலும் அப்படித்தான். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசி முடிக்க 3 மணி ஆகிவிடும். அதில் இரண்டாவது, கூடச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குச் சொன்னது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் பரதீசு என்ற சொல்லை அழுத்தமாகக் கேட்பது அநேகமாக அந்த ஒரு நாள்தான். மற்ற நாள்களில் பரலோகம் உண்டு, மோட்சம் உண்டு. சாவு வீட்டில் யாரும் "பரதீசுக்குப் போய்விட்டார்" என்று சொல்லிக் கேட்க முடியாது.

பக்கத்தில் மேலப்பாளையத்துக்குப் போனால் அத்தர்க் கடையில் ஜன்னத்துல் பிர்தவ்ஸ் என்று ஒரு வாசனை குப்பியில் கிடைக்கும். இறந்தவர்களுக்காகக் கேட்கும் துஆவிலும் அந்தப் பெயர் வரும்: அல்லாஹ் அவருக்கு ஜன்னத்துல் பிர்தவ்ஸைக் கொடுப்பானாக. கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும் இது அன்றாடச் சொல்.

பரதீசும் பிர்தவ்ஸும் ஒரே சொல். இரண்டுக்கும் பிறந்த ஊர் ஈரான். பிறந்தபோது அதற்குச் சொர்க்கம் என்ற பொருளே கிடையாது, தோட்டம் என்ற பொருளும் இல்லை. அதன் பொருள் சுற்றுச்சுவர்.

பழைய ஈரானியரின் வேதமான அவெஸ்தாவின் மொழியில் அந்தச் சொல் ஏறக்குறைய 'பைரி தஏசா' என்று ஒலிக்கும். பைரி என்றால் சுற்றி. தஏசா என்றால் சுவர், அதிலும் மண்ணைக் குழைத்துப் பூசி எழுப்பிய சுவர். இரண்டு பாதிகளும் நமக்கு அந்நியமானவை அல்ல. பைரிதான் சமஸ்கிருதத்தின் பரி. கோயிலில் தலையைச் சுற்றிக் கட்டும் பரிவட்டத்திலும், சுடலைமாடனைச் சுற்றி நிற்கும் பரிவாரத் தெய்வங்களிலும் இருப்பது அதுவே. தஏசாவுக்கு உறவு, பூசு, மெழுகு என்று பொருள்படும் திஹ் என்ற வேர். ரிக் வேதத்தில் மண் அரணுக்குத் தேஹீ என்று பெயர். அதே வேரிலிருந்து வந்தது தேகம்: எலும்பின்மேல் பூசி எழுப்பியது. ஆக, பரதீசில் உள்ள தீசுக்கும் நம் தேகத்துக்கும் தூரத்துச் சொந்தம். ஆவி போய்ச் சேரும் இடத்தின் பெயருக்குள் உடம்பு ஒளிந்திருப்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

இந்தச் சொல் வருகிற மிகப் பழைய இடம் வெந்திதாத் என்ற பார்சி சமயநூல். அங்கே அது இன்பமான இடமே இல்லை. பிணத்தைத் தனியாளாகச் சுமந்தவன் தீட்டுப்பட்டவன். அவனை நெருப்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தள்ளி, வறண்ட நிலத்தில் ஓர் அடைப்புக் கட்டி, அதற்குள் வைத்துச் சோறும் துணியும் கொடுக்கச் சொல்கிறது நூல். அந்த அடைப்புக்குத்தான் பைரி தஏசா என்று பெயர். பிற்காலத்தில் சொர்க்கமான சொல் முதலில் குறித்தது கிட்டத்தட்ட ஒரு சிறையை.

அப்புறம் அதே அடைப்புக்குள் மரங்கள் வந்தன. பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில், எலாமிய மொழியில், பர்தேதாஷ் என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. அரசாங்கப் பழங்களைச் சேர்த்து வைக்கும் இடம், மரக்கன்று வளர்க்கும் இடம் என்ற கணக்குகளில் அது நிற்கிறது. கணக்கப்பிள்ளை எழுதிய பலகை என்பதால் அதில் கவிதை ஒன்றும் கிடையாது. பசர்கதேயில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சைரஸ் மன்னர் அமைத்த தோட்டத்தின் கல் வாய்க்கால்கள் இன்றும் தரையில் தெரிகின்றன. அதையும் சேர்த்து ஒன்பது பாரசீகத் தோட்டங்களை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சுவர் என்ற சொல் தோட்டம் என்று மாறியது எப்படி? ராதாபுரம், சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேரி என்கிற செம்மணல் காட்டில் ஒரு கிணறு தோண்டி நாலு முருங்கையும் நாரத்தையும் வைக்கிறவர் முதலில் செய்கிற வேலை, உடைமுள்ளை வெட்டி வேலி அடைப்பது. வேலி இல்லாவிட்டால் ஆடு தின்றுவிடும். ஆடு விட்டதை ஆடிக்காற்று மண்ணள்ளிப் போட்டு மூடிவிடும். வறண்ட ஊரில் பச்சை தானாக நிற்காது, அடைத்தால்தான் நிற்கும். ஈரானும் அப்படிப்பட்ட ஊர்தான். மலையடிவாரத்திலிருந்து நிலத்தடிச் சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, சுவருக்குள் மட்டும் பாய்ச்சி, வெளியே பாலையை விட்டுவிட்டார்கள். அதனால் சுவரைச் சொன்னால் உள்ளே இருக்கும் பசுமையைச் சொன்னது போல ஆயிற்று. ஜீவநதி ஓடுகிற நாட்டில் இந்தச் சொல் பிறந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கிரேக்கத்துக்கு இதைக் கொண்டுபோனவர் செனபோன், கூலிப்படையில் சேர்ந்து பாரசீகம் வரை போன எழுத்தாளர். கி.மு. 401இல் இளைய சைரஸ் என்ற இளவரசனின் படையோடு நடந்துபோனபோது, கெலைனை என்ற ஊரில் அவனுடைய அரண்மனையையும் அதை ஒட்டிய பெரிய பரதெய்சோஸையும் குறித்துவைக்கிறார். அதற்குள் காட்டு மிருகங்கள் நிறைந்திருந்தன. இளவரசன் தனக்கும் குதிரைக்கும் பயிற்சி வேண்டும்போது அங்கே வேட்டையாடுவான். நடுவில் ஓர் ஆறு ஓடியது. ஆக, கிரேக்கர் காதில் முதலில் விழுந்த பரதீசு அரசனின் தனி வேட்டைக்காடு.

செனபோன் இன்னொரு கதையும் சொல்கிறார். ஸ்பார்ட்டாவின் தளபதி லிசாந்தர் சார்திஸ் நகருக்கு வருகிறார். சைரஸ் தன் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறான். மரங்கள் நேர்வரிசையில், ஒரே இடைவெளியில் நிற்பதைப் பார்த்து, இதை அளந்து நட்டவனைப் பாராட்ட வேண்டும் என்கிறார் லிசாந்தர். அளந்தது நான்தான், சில மரங்களை என் கையாலேயே நட்டேன் என்கிறான் இளவரசன். பட்டும் நகையும் வாசனையுமாக நிற்கிறவனைப் பார்த்து லிசாந்தரால் நம்பவே முடியவில்லை. "சில மரங்கள்" என்றால் மீதியை நட்டது யார் என்று அந்தக் கதையில் யாரும் கேட்பதில்லை.

எபிரேய வேதத்துக்குள்ளும் பாரசீகச் சொல் நுழைந்திருக்கிறது. பர்தேஸ் என்ற வடிவில் அங்கே மூன்றே இடங்களில் வருகிறது, மூன்றிலும் சாதாரணப் பொருள். ஒன்று நெகேமியா புத்தகத்தில்: எருசலேமின் கதவுகளுக்கு மரம் வேண்டும், அதற்கு ராஜாவின் வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்கும் இடம். அதாவது வனத்துறை உத்தரவு. ஏதேன் தோட்டத்தைக் குறிக்க அங்கே இந்தச் சொல் வரவில்லை. அதற்குக் கான் என்ற எபிரேயச் சொல்லே இருந்தது. கானுக்கும் காத்தல், அரண் செய்தல் என்ற வேர்தான். நம் பக்கத்திலும் கா என்றால் சோலை, கா என்றால் காப்பாற்று. பூங்கா, திருவானைக்கா எல்லாவற்றிலும் இருப்பது அந்தக் கா. எங்கே தொட்டாலும் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு காவல்காரன் நிற்கிறான்.

திருப்பம் நடந்தது எகிப்தில். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா யூதர்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது ஏதேனின் கானுக்குப் பரதெய்சோஸ் என்று போட்டார்கள். அரசனின் வேட்டைக்காட்டுப் பெயர் கடவுளின் தோட்டத்துக்குப் போய்விட்டது. ஆதாமையும் ஏவாளையும் வெளியேற்றிய பிறகு கேருபீன்களும் சுடர்விடும் பட்டயமும் அங்கே காவல் நின்றதாக ஆதியாகமம் சொல்வதால், வாசலும் காவலும் உள்ள இடத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியும் போயிற்று. புதிய ஏற்பாட்டுக் காலத்தில் அது மறுமையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. லூக்காவில் ஒரு தரம், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் ஒரு தரம், வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு தரம், மொத்தம் மூன்று முறை வருகிறது.

அரபியில் ப ஒலி இல்லை. அதனால் ஃபராதீஸ், அதைப் பன்மை என்று எடுத்துக்கொண்டு ஒருமைக்கு ஃபிர்தவ்ஸ் என்று ஆக்கிக்கொண்டார்கள் என்பது மொழியறிஞர் பலர் சொல்லும் விளக்கம். குர்ஆனில் இரண்டு இடங்களில், 18ஆம் அத்தியாயத்திலும் 23ஆம் அத்தியாயத்திலும், இது வருகிறது. சுவனத்தின் மிக உயர்ந்த பகுதி அது, ஆறுகள் அங்கிருந்தே புறப்படுகின்றன என்று ஹதீஸ் சொல்கிறது. பொதுவாகச் சொர்க்கத்தைக் குறிக்கும் ஜன்னத் என்ற சொல்லுக்கோ மறைத்தல், மூடுதல் என்ற வேர்: இலை அடர்ந்து தரையை மூடிய சோலை. ஆகவே ஜன்னத்துல் பிர்தவ்ஸ் என்ற அந்த அத்தர்ப் பெயரில் மரம் மூடிய இடமும் சுவர் சூழ்ந்த இடமும் சேர்ந்து இருக்கின்றன.

பாரசீக மொழிக்குள் இந்தச் சொல் பிறகு அரபி வழியாகவே விருந்தாளி போலத் திரும்பி வந்தது. அந்த நாட்டின் பெருங்கவிஞர் பிர்தௌசியின் பெயர் இதிலிருந்துதான். ஊரிலேயே தங்கிவிட்ட பழைய வடிவமோ தேய்ந்து தேய்ந்து பாலீஸ் என்று ஆகி, இன்று வெள்ளரியும் முலாம்பழமும் போடுகிற காய்கறித் தோட்டத்தைக் குறிக்கிறது. வெளியூர் போனவன் சொர்க்கமாகிவிட்டான், ஊரில் இருந்தவன் வெள்ளரிக்காய் விற்கிறான்.

சரி, தமிழுக்கு வருவோம். இங்கே மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு வழியில் போயிருக்கிறார்கள். வேதாகமத்தின் பழைய திருப்புதல் கிரேக்கச் சொல்லையே தமிழ் ஒலியில் வைத்துப் பரதீசு என்றது. பிந்தி வந்த திருவிவிலியம் அதை விட்டுவிட்டுப் பேரின்ப வீடு என்கிறது. 1820 முதல் 1838 வரை பாளையங்கோட்டையில் இருந்து வேலை செய்த மிஷனரி ரேனியஸ், சொல்லுக்குச் சொல் வைக்காமல் தமிழருக்குப் பொருள் விளங்கும்படி பெயர்க்க வேண்டும் என்று வாதாடியவர். அந்தக் கட்சிக்காரர்களுக்குப் பேரின்ப வீடு பிடித்திருக்கும். எனக்கு அதில் உறுத்துவது வேறு. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் உள்ள வீடு, விடு என்ற வினையிலிருந்து வந்தது, விடுபடுவது. சுற்றி அடைப்பது என்று பொருள்பட்ட சொல்லுக்கு விடுபடுவது என்று பொருள்படும் சொல்லைப் பதிலாக வைத்திருக்கிறோம். சிலுவையில் கிடந்த கள்ளனுக்கு இரண்டாவதே கூடுதல் ஆறுதல் என்றும் சொல்லலாம்தான்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பரதீசு, பரதேசி என்ற இரண்டும் காதுக்கு உறவு போலப்படும், உறவு கிடையாது. பரதேசி பரதேசத்திலிருந்து வந்தவன், வேற்று நாட்டான். எங்கள் பக்கம் அது வசவு. வேதத்திலோ எபிரெயர் நிருபம் விசுவாசிகளையே பூமியின்மேல் "அந்நியரும் பரதேசிகளும்" என்று மரியாதையோடு சொல்கிறது.

இனி, அடைப்பை வைத்து இன்பத்தைச் சொல்வது ஈரானியர் பழக்கம் மட்டும்தானா என்று பார்த்தால், திருநெல்வேலி என்ற பெயரே பதில் சொல்கிறது. வேதசர்மா என்ற அடியார் சுவாமிக்கு நைவேத்தியம் செய்ய நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். மழை கொட்டுகிறது. ஓடி வந்து பார்த்தால் சுற்றிலும் மழை, நெல்மேல் மட்டும் ஒரு துளி இல்லை. இறைவன் வேலி கட்டிக் காத்திருக்கிறார். வேணுவனம் என்று மூங்கில் காடாக இருந்த ஊர் அப்படித் திரு நெல் வேலி ஆயிற்று, சுவாமி நெல்வேலி நாதர் ஆனார் என்பது தலபுராணம். வரலாறாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தெய்வ அருளை ஒரு வேலியாகக் கண்ட மனசு இந்த ஊருக்கும் இருந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: பாரசீக மதில் பாலையைத் தடுத்தது, நெல்லையப்பர் வேலி மழையைத் தடுத்தது.

தாமிரபரணி ஆற்றோடு கிழக்கே இறங்கினால் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த குருகூர் இதுதான். திருவாய்மொழியின் பத்தாம் பத்தில், "சூழ்விசும்பு அணிமுகில்" என்று தொடங்கும் பதிகத்தில், அடியார்கள் வைகுந்தம் போகும் வழியை அவர் சொல்கிறார். மேகம் முழங்குகிறது, கடல் அலைக்கை எடுத்து ஆடுகிறது, வழியெல்லாம் வரவேற்பு. கடைசியில் அவர்கள் போய்ச் சேரும் இடம் "கொடி அணி நெடுமதிள் கோபுரம்". வைகுந்தத்துக்கும் நெடிய மதில் உண்டு, வாசல் உண்டு, வாசலில் வானவர் உண்டு. பாரசீகச் சொல்லை ஆழ்வார் அறிந்திருக்க வேண்டியதில்லை. கோயிலைச் சுற்றி மதிலைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சொர்க்கமும் மதிலோடுதான் தெரியும். மார்கழி ஏகாதசியில் சொர்க்கவாசல் திறப்பு என்று விடியற்காலையில் முண்டியடிக்கிறோமே, மதில் இருந்தால்தானே வாசலுக்கு மதிப்பு.

அங்கிருந்து கொஞ்சம் மேற்கே அந்த வைகுந்தத்தின் பெயரிலேயே ஓர் ஊர், ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகளில் ஒன்று. தாலுகா ஆபீஸ் உண்டு, ரயில் நிலையம் உண்டு. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. இந்த ஊருக்குள் மண்ணால் கட்டிய ஒரு கோட்டை இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறிய சமூகம் அதற்குள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது. ஆண்கள் வெளியே போய் வருவார்கள். பெண்கள் பிறந்தது முதல் சாகும்வரை அந்த மண்மதிலைத் தாண்டியதில்லை. கல்யாணமும் உள்ளுக்குள்ளேதான். வெளி ஆண்கள் உள்ளே வர முடியாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. இந்தச் சமூகத்தைப் பற்றி மானிடவியல் ஆய்வே நூலாக வந்திருக்கிறது.

வைகுண்டம் என்று பெயர் கொண்ட ஊரில், குழைத்த மண்ணால் சுற்றி எழுப்பிய சுவர். பைரி தஏசாவை இதைவிட எழுத்துப் பிசகாமல் யாரும் கட்டியிருக்க முடியாது. அந்தக் கோட்டையை வெந்திதாத் சொல்லும் அடைப்பு என்பதா, சைரஸின் தோட்டம் என்பதா? உள்ளே இருந்த பெண்கள் அதைக் கௌரவமாக நினைத்தார்கள் என்றும் சொல்வார்கள். இருக்கலாம். கதவைத் திறக்கும் உரிமை தன்னிடம் இல்லாத இடத்தைச் சொர்க்கம் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மதில் இல்லாத சொர்க்கமும் இதே சீமையில் உண்டு. அதற்கு மேற்கே குற்றாலத்துக்குப் போக வேண்டும். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலையைப் பாடும்போது, மந்தி சிந்திய பழத்துக்கு வானத்தார் வந்து கெஞ்சுகிறார்கள், வேடர்கள் கண்ணால் வானவரைக் கூப்பிடுகிறார்கள். திரிகூடராசப்பக் கவிராயர் திசையையே மாற்றிவிட்டார்: இங்கிருந்து யாரும் மேலே போவதில்லை, அங்கிருப்பவர்கள்தான் இறங்கி வருகிறார்கள். சுவர் இல்லை, வாசல் இல்லை, காவல் இல்லை. சாரல் விழுகிற, அருவி கொட்டுகிற இடத்துக்காரரின் கற்பனை அது. மழை தாராளமாக இருந்தால் சொர்க்கமும் தாராளமாகத்தான் இருக்கும் போல. அடைத்த தோட்டம் அங்கே வந்தது பின்னால்தான், கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டபோது.

செனபோன் பார்த்த பரதெய்சோஸுக்கு, அதாவது அரசனின் காவலுள்ள வேட்டைக்காட்டுக்கு, இன்று மிக நெருக்கமாக நிற்பது மலைமேல் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்த மேற்குமலைக் காட்டில் 8,300 ஏக்கருக்கு மேல் 1929இல் 99 வருடக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குப் போனது. காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் வந்தன. நாலு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தபோது எஸ்டேட் அதன் நடுவில் ஒரு தீவாக மாட்டிக்கொண்டது. சுற்றுலாக்காரர்கள் பூலோக சொர்க்கம் என்று எழுதுவது இந்த இடத்தைத்தான். மேலே போக வனத்துறை அனுமதி வேண்டும், மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

அந்தச் செடிகளை நட்டவர்கள் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். கூலியும் சிறையிலிருந்தவர்களின் விடுதலையும் கோரிக்கை. போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள், பெண்களும் ஒரு குழந்தையும் அதில் உண்டு. 2024இல் கம்பெனி வேலையை நிறுத்திக்கொண்டு, தொழிலாளர்களை விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையிறங்கச் சொன்னது. இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள் என்று அவர்கள் நீதிமன்றம் போனார்கள். காட்டைக் காப்பதா, நட்டவர்களைக் காப்பதா என்ற வழக்காக அது மாறிப்போனது. குத்தகை 2028இல் முடிகிறது.